ஒரு புழு குறைகிறது

குமரா,

நீ அனுப்பிய காகிதம் வந்து சேர்ந்தது. என் வலது காலின் படங்களை, நீ சேரப்போகும் அந்தக் குளிர் தேசத்துப் பல்கலைக்கழகத்தில், படித்தவர்கள் கூடும் சபையில் காட்டுவதற்கு எனக்குச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். முகம் வராது, பெயர் வராது, பாதம் மட்டும்தான் வரும் என்று தமிழிலும் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு மேஜை மேல் வைத்து, பறக்காமல் இருக்க மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன் மேல் வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உன் அம்மா காபி கொண்டு வரும்போதெல்லாம், "அவன் ஊருக்குப் போறதுக்குள்ள போட்டுக் குடுத்துடுங்க, பாவம்" என்கிறாள். பேனாவில் மை இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். மை இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும்.

போனில் பேசியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்குமே என்று நீ நினைப்பாய். எதிரில் இருப்பவன் முகம் தெரியாமல் நான் யாரிடமும் எதையும் விசாரித்ததில்லை. கடிதத்திலும் முகம் தெரியாதுதான், ஆனால் நீ குறுக்கே பேச மாட்டாய். நீளமாக எழுதப் போகிறேன். விமானத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் படி. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றாலும் காட்டு, இதில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

என் சந்தேகப் புத்தியைப் பற்றி நீயும் உன் அம்மாவும் சமையலறையில் சிரித்துப் பேசுவது எனக்குத் தெரியும். நீங்கள் பேசுவது கூடத்தில் நன்றாகவே கேட்கும். அந்தப் புத்திதான் இந்த வீட்டுக்கு அரிசி போட்டது. அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகனாகவே காலத்தைக் கழித்தவன் நான். வண்டியில் ஏறியதும் பயணிகளின் முகத்தை நான் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்ப்பேன். டிக்கெட் வைத்திருப்பவன் கை சட்டைப் பைக்குப் போகும், இல்லாதவன் கை மடியிலேயே கிடக்கும். அடுத்தது ஜன்னல். இந்த ஊரில் மலையைப் பார்ப்பது பக்தி, செக்கிங் ஏறிய நிமிஷத்தில் மலையைப் பார்க்கத் தொடங்குவது டிக்கெட் இல்லாதது. அப்படிப் பார்த்தவனை நான் விட்டதே இல்லை. சிலர் நிஜமாகவே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களிடமும் கேட்டேன்.

உன்னிடமும் கேட்டேன். காலேஜ் முதல் வருஷ லீவில் கீழ்பென்னாத்தூரில் உன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாய். அந்த வண்டியில் நான் ஏறுவேன் என்று நீ எதிர்பார்க்கவில்லை. நீ நீட்டிய டிக்கெட்டைப் பார்த்தேன். கீழே கிடந்ததைப் பொறுக்கியது, அதில் இருந்த ஸ்டேஜ், அதாவது ஏறிய நிறுத்தத்தின் எண், வேறு. உன் கை நடுங்கியது. கண்டக்டர் ஓடி வந்து, "சார், தம்பி டிக்கெட் வாங்கிச்சு சார், நான்தான் கிழிச்சுக் குடுத்தேன், எங்கனா விழுந்திருக்கும் சார்" என்றார். இன்ஸ்பெக்டர் மகனைக் காப்பாற்றி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. உன்னை இறக்கிவிட்டேன். நடுவழியில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே, வெயிலில். உன் அம்மாதான் ஒரு வாரம் எனக்குத் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தாள். இன்றைக்கும் நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். தொலைத்திருந்தால் தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இன்னொருத்தர் டிக்கெட்டை ஏன் நீட்டினாய் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வியை மறந்துவிடாதே, கடைசியில் திரும்ப வருவேன்.

இப்போது காலுக்கு வருகிறேன். அந்தக் காயம் எப்படி வந்தது என்று உன் சபையில் சொல்லும்போது நீ மேலோட்டமாகத்தான் சொல்வாய், அதனால் முழுசாகத் தெரிந்துகொள். சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் நெருக்கித் தள்ளும் என்று நான் பகலிலேயே கிரிவலம் கிளம்பினேன். செருப்பில்லாமல்தான். இந்த ஊரில் பிறந்தவன் செருப்போடு மலையைச் சுற்றினால் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பான்? தார் ரோடு கொதித்தது. கூட வந்தவர்கள் எல்லாம் ஓரத்து மண்ணுக்கும், முனிசிபாலிட்டி லாரி தண்ணீர் தெளித்த ஈரத்துக்கும் தாவித் தாவி ஓடினார்கள். நான் மட்டும் நடுரோட்டில் நிதானமாக நடந்தேன். எனக்குச் சுடவே இல்லை. அடி அண்ணாமலை தாண்டும்போது ஒரு அம்மாள் என் காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அருணாசலேஸ்வரர் என்னைத் தாங்கிக் கூட்டிப் போகிறார் என்று நினைத்தேன். சர்க்கரை என் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்று தீர்த்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க ஒவ்வொருத்தரையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரு இடத்தில் சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கூடத்தைத் தாண்டிப் பூஜை அறைக்குப் போனேன். பின்னால் வந்த உன் அம்மா, "இன்னாங்க இது, தரையெல்லாம் செவப்பா? குங்குமத்த மிதிச்சுட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். குனிந்து தொட்டுப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாதத்தின் முன்பக்கம், கட்டைவிரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே, தோல் பாளமாகக் கழன்றிருந்தது. வலி இல்லாததால் அதைக் காயம் என்றே நான் ஒத்துக்கொள்ளவில்லை. விபூதியை அள்ளி வைத்துத் துணி சுற்றினேன். உனக்குச் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். அவள் அதைக் காப்பாற்றினாள், அதுதான் கெடுதலாகப் போனது. வாடை வீட்டைத் தாண்டித் தெருவுக்குப் போன பிறகுதான் உனக்குப் போன் போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. காலை எடுக்கச் சொல்கிற வேகத்தில் எனக்கு ஒரு வியாபாரம் தெரிந்தது. ஆனால் அவர்கள் சொன்னதில் பாதி நிஜம் என்பதை இன்று ஒத்துக்கொள்கிறேன், சுண்டு விரல் போகத்தான் போனது. அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. கால் இல்லாமல் நான் யார் என்று யோசித்தேன். பஸ் படியில் ஏறி இறங்கியே வாழ்ந்தவன். வாசலில் நாற்காலி போட்டு, போகிறவர் வருகிறவரிடம் இரக்கம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுகூட இருந்தது. இதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் நீ வந்து அந்த யோசனையைச் சொன்னாய். செங்கம் ரோட்டில் சின்ன நர்ஸிங் ஹோம் வைத்திருக்கிற டாக்டரம்மா, காலில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று மெஷின் வைத்துக் கேட்டுவிட்டு, "ஓட்டம் இருக்குதுங்க ஐயா. அது இருந்தாத்தான் இதச் செய்யலாம். பண்ணிப் பாக்கலாம், ஒண்ணும் சரிப்படலன்னா அப்புறம் எடுக்கறதப் பத்திப் பேசுவோம்" என்றார். எதைச் செய்யலாம் என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், "புழு வைக்கறதுப்பா" என்றாய்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? ஒரு சந்தை நாளில் மூட்டையோடு டிக்கெட் இல்லாமல் வந்த ஒரு அம்மாளை இறக்கிவிட்டேன். அவள் ரோட்டில் நின்று மண்ணை வாரி என் பக்கம் வீசி, "உன் காலு புழுத்துப் போவ" என்று கத்தினாள். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் சாபத்தை என் சொந்தப் பிள்ளையே டப்பாவில் போட்டு எடுத்து வருகிறான் என்று தோன்றியது. இன்னொன்றும் இருந்தது. எங்கள் வீட்டில் மாடு இருந்த காலத்தில் ஒரு கன்றுக்குட்டிக்குத் தொப்புளில் புழு வைத்துவிட்டது. சீத்தா இலையை அரைத்து அரைத்து அடைத்தோம். கன்று உயிரோடு இருக்கும்போதே புழு அதன் சதைக்குள் குடைந்துகொண்டு போனது. அதன் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இதைச் சொன்னபோது நீ பொறுமையாக, "அது வேற ஈப்பா. அது உயிருள்ள சதையத் தின்னும். இது செத்த சதைய மட்டும்தான் கரைச்சுக் குடிக்கும்" என்றாய்.

"பாத்தா ரெண்டும் பச்சையாத்தானடா மினுங்குது. நெத்தியிலயா எழுதியிருக்கு?"

"எங்க லேப்ல பல தலைமுறையா நாங்களே வளக்கறதுப்பா. முட்டையக் கழுவி, கிருமி இல்லாம பொரிக்க வைப்போம். வெளி ஈ உள்ள வரவே முடியாது."

இதில்தான் எனக்கு முதல் தடவையாக உன் வேலை என்ன என்பது புரிந்தது. மகன் சென்னையில் மருத்துவ ஆராய்ச்சி செய்கிறான் என்று சொந்தக்காரர்களிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். நீ ஈ வளர்த்துக்கொண்டிருந்தாய். சரி, அது போகட்டும். எனக்குள் இன்னொரு சந்தேகம் எழுந்தது, இத்தனை நாள் அதை வாய் விட்டுச் சொல்லவில்லை. வெளிநாட்டு இடத்துக்கு நீ மனுப் போட்டிருப்பதாக உன் அம்மா சொல்லியிருந்தாள். உனக்கு ஒரு கால் தேவைப்படுகிறது, என்னுடையது கைக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் நீ முதலில் போட்டோதான் எடுத்தாய், அதற்குப் பிறகுதான் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். என்னைப் பார்க்கிறாயா, என் புண்ணைப் பார்க்கிறாயா என்று உன் கண்ணையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்தச் சந்தேகத்தால்தான் காகிதம் இன்னும் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருக்கிறது.

நீ சென்னையிலிருந்து பஸ்ஸில் அந்தத் தெர்மாகோல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். "லக்கேஜ் டிக்கெட் வாங்கினியா?" என்று கேட்டேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நீ சிரிக்காமல் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாய். அந்த ஒரு விஷயத்தில் எனக்குத் திருப்திதான்.

நர்ஸிங் ஹோமில் நான் ஒரு நிபந்தனை போட்டேன். எத்தனை ஏறுகிறது என்று எனக்குக் கணக்கு வேண்டும், எத்தனை இறங்குகிறது என்றும் வேண்டும். ஒன்று உள்ளே தங்கி, எலும்பு வழியாக மண்டைக்கு ஏறிவிட்டால் யார் பதில் சொல்வது? டாக்டரம்மா, "அதுக்கு மூச்சு விடக் காத்து வேணும் ஐயா, உள்ள போய்த் தங்காது" என்றார். கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை. நீ ஒன்றும் வாதாடாமல் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாய். அரிசிக் குருணையைவிடச் சின்னதாக, வெள்ளையாக நெளிந்த அவற்றை ஈரத்துணியில் வைத்து நீ ஒவ்வொன்றாகத் தள்ள, நான் எண்ணினேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டு வந்தாள். பிறகு புண்ணில் விட்டு, மேலே வலைத்துணி ஒட்டி, காற்றுப் போகும்படி கட்டு போட்டீர்கள். மீந்த புழுக்களைப் பால் பவுடர் கலந்த தீனியோடு நீ உன் டப்பாவிலேயே விட்டுவைத்தாய். ரெண்டு நாளைக்கு அந்தக் காலை ஊன்றவே கூடாது, ஊன்றினால் நசுங்கிவிடும் என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னீர்கள்.

வீட்டில் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ அன்று சொன்னதைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். செத்த சதையைத் தின்பது சரி, அதைக் கத்தியே செய்யுமே, இந்த அசிங்கம் எதற்கு என்று கேட்டேன். அதற்கு நீ இப்படிச் சொன்னாய்:

"உடம்புல காவலுக்குன்னு வெள்ளை அணுக்கள் இருக்குப்பா. காயம் பட்டதும் ஓடி வரும். கிருமியக் கொல்லும், அழுகினத அரிக்கும். வேலை முடிஞ்சதும் போயிடணும். அது போனாத்தான் சதை கட்டறதுக்கு அடுத்த கூட்டம் வரும். சர்க்கரைப் புண்ணுல அது போவ மாட்டேங்குது. இன்னும் எதிரி இருக்கான், இன்னும் எதிரி இருக்கான்னு நின்னுகினே இருக்குது. கடைசியில நல்ல சதையையே அரிச்சுடுது. புண்ணு ஆறாம இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்."

"என்னைச் சொல்றியாடா?"

நீ சிரித்துவிட்டாய். உன் அம்மா சமையலறையிலிருந்து, "ஆமாம்னு சொல்லுடா" என்றாள்.

"புழு எச்சில்ல ஒரு சரக்கு இருக்குதுப்பா. அது இந்தக் காவல்காரங்களோட வெறிய மட்டும் கம்மி பண்ணுது. கிருமியக் கொல்ற வேலையத் தடுக்கறதில்லன்னு பரிசோதனையில தெரிஞ்சிருக்கு. எப்படின்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியல. அதத்தான் நான் படிக்கப் போறேன்."

முழுசாகத் தெரியாது என்று நீ சொன்னாய் பார், அப்போதுதான் உன்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் தெரியும் என்றார்கள். கிரிவலப் பாதையில் புண்ணுக்கு எண்ணெய் விற்கிறவனும் எல்லாம் தெரியும் என்றான். தெரியாது என்று சொல்கிறவன் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிற பயணி மாதிரி, அவனிடம் டிக்கெட் இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. நீ போகிற ஊரிலும் இதை வைத்துக்கொள். கேட்பதற்கு முன்பே சிரிக்கிறவனிடம் வீட்டு வாடகை பேசாதே. உன் வேலையை எல்லோர் முன்னாலும் ரொம்பப் புகழ்கிறவனிடம் உன் குறிப்புகளைத் திறந்து காட்டாதே. ஆனால் உன் உடம்பில் வலியே இல்லாத இடம் ஒன்று இருந்தால், முதலில் அதைச் சந்தேகப்படு.

கட்டைப் பிரிக்கும் நாள் வந்தது. அந்தக் குருணை எல்லாம் விரல் கணு நீளத்துக்குக் கொழுத்திருந்தன. உடம்பு வெள்ளை, ஆனால் உள்ளே குடல் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. என் அழுகல்தான் அந்தக் கோடு என்று நீ சொன்னாய். புண்ணைப் பார்க்க டாக்டரம்மா குனிந்தார். சாம்பல் நிறத்தில் இருந்த இடம் பாதிக்கு மேல் சிவந்திருந்தது. "அருமையா சுத்தம் பண்ணியிருக்கு. இன்னொரு தடவ வெச்சோம்னா முடிச்சிடும்" என்றார். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. தட்டில் நீ எடுத்துப் போடப்போட எண்ணிக்கொண்டிருந்தேன். நீ இடுக்கியைக் கீழே வைத்தபோது ஒன்று குறைந்தது.

நான் ஆடிப்போய்விட்டேன். செத்திருக்கும், கரைந்திருக்கும், அது சகஜம் என்று டாக்டரம்மா சொன்னார். சலைன் ஊற்றிக் கழுவி, டார்ச் அடித்து எனக்கே காட்டினார். நான் காலை இழுத்துக்கொண்டேன். அந்த ஒன்று எங்கே என்று தெரியாமல் இன்னொரு முறை வைக்கச் சம்மதிக்க மாட்டேன், காலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என்ன பேசுகிறேன் என்று தெரிந்துதான் பேசினேன். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர் ஓரம் நின்றாள். டாக்டரம்மா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்போது விட்டால் மறுபடி அழுக ஆரம்பிக்கும் என்று சொன்னது எனக்கும் கேட்டது.

கையுறையை மாட்டிக்கொண்டு, என் காலிலிருந்து கழற்றிப் போட்ட கட்டுத்துணிகள் இருந்த மஞ்சள் வாளிக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். சீழும் ரத்தமும் ஊறின அந்தத் துணியை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாய். பிரித்து, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒதுக்கி வைத்து, அடுத்ததை எடுத்தாய். அந்த வாடையில் நர்ஸ் முகமூடிக்கு மேல் முகமூடி போட்டுக்கொண்டாள். நீ மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. அன்று போட்டோ எடுக்கவில்லை. காலையில் உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டு நேரம் வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒருமுறை உன் தெர்மாகோல் டப்பா இருந்த பக்கத்து அறைக்குப் போய்விட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாய். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஒரு மூடியில் பஞ்சு வைத்து அதன் மேல் ஒரு புழுவை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாய்.

"கெடச்சுதுப்பா. துணி மடிப்புல இருந்துது."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "கணக்கு சரி" என்றேன். "வையுங்க, இன்னொரு தடவ" என்றும் சொன்னேன்.

மீதிக் கதை உனக்குத் தெரியும். இரண்டாம் முறையும் வைத்தீர்கள். சுண்டு விரலின் எலும்பு கெட்டிருந்ததால் அதை மட்டும் டாக்டரம்மா எடுத்தார். மருந்தும், இன்சுலினும், உன் அம்மா எனக்குப் போட்ட வாய்க்கட்டுப்பாடுமாகச் சதை மெல்ல மேலே வந்தது. இப்போது அந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தோல் இருக்கிறது, என்னுடையது மாதிரியே இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்று செய்கிற எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொண்டுதான் குளியலறைக்குக்கூடப் போகிறேன். போன பௌர்ணமிக்கு அந்தச் செருப்போடு கொஞ்ச தூரம் மலையைச் சுற்றினேன். எல்லோரும் என் காலையே பார்க்கிறார்கள் என்று பட்டது. பார்க்கட்டும், கேட்டால் சொல்வோம் என்று நடந்தேன். யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். குமரா, அன்று நீ மூடியில் கொண்டு வந்த புழுவுக்குள் கறுப்புக் கோடு இல்லை. சுத்த வெள்ளையாக இருந்தது. பால் பவுடர் கலந்த தீனி தின்று உன் டப்பாவில் வளர்ந்தது அது, என் காலைப் பார்த்ததே இல்லை. நீட்டிய உன் கை நடுங்கியது, அன்றைக்குக் கீழ்பென்னாத்தூர் வண்டியில் நடுங்கின மாதிரியே. இன்னொருத்தர் டிக்கெட்டை இரண்டாவது முறையாக எனக்கு நீட்டினாய். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றைப் பார்த்த பிறகு நான் யாரையும் விட்டதில்லை.

உன்னை விட்டேன். காலையிலிருந்து நீ தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு அந்தப் புழு யாருடைய டிக்கெட் என்று எனக்கு அக்கறை இல்லாமல் போய்விட்டது. மனசு நிறைந்துவிட்டது என்று மட்டும் எழுதுகிறேன். காணாமல் போனது எங்கே போயிருக்கும் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். நீங்கள் ஊன்றாதே என்று சொன்ன மறுநாள், மாடி அறையில் குடியிருக்கிற வெள்ளைக்காரர் நம் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை வீணடிக்கிறார் என்று சந்தேகப்பட்டு, உன் அம்மா கடைக்குப் போன நேரத்தில் எழுந்து பின்வாசல் வரை நடந்தேன். மோட்டார் ஓடவே இல்லை. புழு என் எடையில் நசுங்கித்தான் போயிருக்கும். அதை அன்று நான் வாய் திறந்து சொல்லியிருந்தால் நீ அந்த வாளியைக் கிளறியிருக்க வேண்டாம். நானும் தொலைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை பார்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பாதத்தைக் காட்டு, சுண்டு விரல் போன இடத்தையும் காட்டு. ஒரு கண்டிஷன் மட்டும். எத்தனை வைத்தோம், எத்தனை எடுத்தோம் என்று அந்தச் சபையில் யாராவது கேட்டால், ஒன்று குறைந்தது, நோயாளி காலை ஊன்றிவிட்டார் என்று உள்ளதை உள்ளபடி சொல். அங்கே கணக்கு சரி என்று சொல்லாதே. அந்தப் பொய் என் ஒருத்தனுக்கு நீ வாங்கிக் கொடுத்தது, அதை நானே வைத்துக்கொள்கிறேன்.

அந்த ஊர் ரோட்டில் பனி இருக்கும் என்கிறார்கள். வெறுங்காலோடு நடக்காதே.

உன் அப்பா